அழகரின் கஞ்சா வழக்கு

"பீடிகூட குடிக்க மாட்டாருங்க அம்மா. அவரு சட்டைப்பையில கஞ்சா இருந்துச்சின்னா யாரு நம்புவா?"

கமலம் கதிரை நுனியில் உட்கார்ந்து அழுதாள். ஹேவாஹெட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். புருஷன் அழகருக்குக் கண்டி டவுனில் மூட்டை தூக்கும் வேலை. ஒரு வாரமாக விளக்கமறியல் சிறையில் இருந்தான்.

சட்டத்தரணி பத்மாதேவி பேனாவை மூடி வைத்தாள்.

"அழாதேங்கோ. இந்த வழக்கை நான் விடமாட்டன்."

இப்படி ஒரு வழக்குக்காகத்தான் அவள் காத்திருந்தாள். கஞ்சாவைத் தடைசெய்யும் சட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்பது அவளுடைய கட்சி. அதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பி, மூத்த சட்டத்தரணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அன்றும் சட்டத்தரணிகள் அறையில் தியாகராஜா விடவில்லை.

"கஞ்சாவை அவிட்டு விட்டால் நாடு குட்டிச்சுவராகும், பிள்ளை. இளந்தாரியள் எல்லாம் றோட்டில கிடப்பாங்கள்."

"சாராயத்தவறணைக்கு அரசாங்கமே லைசென்ஸ் குடுக்குது. அங்க விழுந்து கிடக்கிறவங்கள் கண்ணில படேல்லையோ, ஐயா? ஆயுர்வேத வைத்தியர் வைச்சிருந்தால் மருந்து, கூலிக்காரன் வைச்சிருந்தால் குற்றம். இந்தச் சட்டம் இருக்கிற வரைக்கும் பொலிஸ்காரன் நினைச்ச ஏழையின்ர பொக்கற்றில எல்லாம் கஞ்சா இருக்கும்."

தியாகராஜா சிரித்துவிட்டு வழக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவளுக்குச் சாட்சியும் கிடைத்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் மர்சூக்.

"என்ட ரெண்டு கண்ணால கண்டேன் மிஸ். கொழும்புல குண்டு வெடிச்ச அடுத்த நாள். கடைக்குள்ள பொலிஸ் வந்திச்சி. சார்ஜன் ஹேரத் தன்ட களிசான் பொக்கட்டுல இருந்து பொட்டலத்த எடுத்தாரு. அழகர்ட சட்டைக்குள்ள வச்சாரு. பொறகு அவரே வெளிய எடுத்து, 'இது என்ன?'ன்னு சத்தம் போட்டாரு."

"கோட்டில வந்து சொல்லுவீங்களோ?"

மர்சூக் தோளில் கிடந்த துணியால் கையைத் துடைத்தார்.

"சொல்லுவேன். பாவம், நல்ல மனுசன்."

வழக்குத் தவணைக்கு முந்திய இரவு பத்மாதேவி சார்ஜனைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு நாற்பது கேள்விகள் எழுதினாள். அவருடைய தொப்பி கழன்றுவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

காலையில் நீதிமன்றக் கூட்டுக்குள் அழகரைக் கண்டு எல்லாவற்றையும் விளக்கினாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேணாங்கம்மா. நான் குத்தத்த ஒத்துக்கிறேன்."

"என்ன கதைக்கிறீங்கள்? செய்யாத குற்றத்தை ஏன் ஒப்புக்கொள்ள வேணும்? மர்சூக் வெளியில நிக்கிறார்."

"அவர கூப்புடாதீங்க. ஒங்கள கும்புட்டு கேட்டுக்கிறேன்."

"ஆரும் வெருட்டினவங்களோ? அந்தச் சார்ஜனோ?"

அழகர் கம்பியை விட்டு விலகிப் போனான். அவளுக்கு ரத்தம் கொதித்தது. நன்றாகத்தான் வெருட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வழக்கு எடுக்கப்பட்டது. அழகர் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிறிய தொகை தண்டம். கமலம் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கட்டினாள். நாற்பது கேள்விகளும் கோப்புக்குள்ளேயே கிடந்தன.

பத்மாதேவி வெளியே வந்தபோது விறாந்தையில் கண்ட காட்சி அவளை அப்படியே நிறுத்தியது. தூணோரம் சார்ஜன் ஹேரத் நின்றார். அவர் முன்னால் அழகர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றான்.

அவள் விறுவிறு என்று போனாள்.

"அழகர்! உங்கட சட்டைக்குள்ள கஞ்சா வைச்ச ஆளையே கும்பிடுறீங்களோ? உங்களுக்கு ரோசம் இல்லையோ?"

சார்ஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழகர் குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவா பேசுங்கம்மா. அன்னைக்கு தேத்தண்ணிக் கடையில என்னைய மட்டும் புடிக்கல. மொத்தம் நாலு பேரு. நாலு பேருகிட்டயும் ஐடென்டிட்டி கார்ட் இல்ல. கார்ட் இல்லாத தமிழாளுகள அன்னைக்கே ஒப்படைக்கணும்னு மேலருந்து உத்தரவாம். பகல் எங்கள ஏத்திக்கிட்டு போக ஒரு வேன் வந்துச்சி. இவன் மேல கஞ்சா வழக்கு புத்தகத்துல எழுதியாச்சி, இவன கோட்டுலதான் நிறுத்தணும்னு சொல்லி இந்த ஐயா என்னைய குடுக்க மாட்டேன்னுட்டாரு. மத்த மூணு பேரையும் ஏத்திட்டாங்க."

"எங்க கொண்டு போனவங்கள்?"

"தெரியலம்மா. அந்த மூணு பேருல ஒருத்தரு தெல்தோட்டை சின்னமுத்து. அவரு பொண்டாட்டி ரெண்டு வாரமா ஒவ்வொரு ஸ்டேசனா ஏறி எறங்குது. எங்கயுமே பேரு இல்லங்குறாங்க."

பத்மாதேவி திரும்பினாள். சார்ஜனைப் பார்த்தாள். வயதான மனுஷன். ஓய்வுபெற இன்னும் ஓரிரு வருடங்கள்தான் இருக்கும். தமிழ் அவருக்கு விளங்கியிருந்தது.

"நீங்கள்..." என்று தொடங்கினாள்.

சார்ஜன் ஹேரத் அவளை நிமிர்ந்து பார்க்காமலே, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"அந்தக் கஞ்சா அன்னைக்குக் காலையில வத்தேகம பஸ்ஸில பிடிச்சது மிஸ். என்ட கையில ஒரு பொட்டலந்தானே இருந்தது."