வழிவிடாத பூசாரி

நாலரைக்கு ராகு காலம். மணி நாலு பத்து. இந்தப் பூசாரி சித்தனோ நகர்வேனா என்கிறார்!

சேர்வராயன் மலை உச்சியில் குகைக் கோயில். குனிந்துதான் நுழைய வேண்டும். அந்த வாசலை அடைத்து நின்றுகொண்டு தலபுராணம் சொல்கிறார் மனுஷன்.

விஜயகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதப் பிள்ளையின் பெயரை நல்ல நேரத்தில் சாமியிடம் சொல்லிவிட வேண்டுமென்று சேலத்திலிருந்து அடித்துப் பிடித்து வந்திருக்கிறான்.

போதாததற்குப் பெண்டாட்டி தீபிகாவை வேறு காணோம். வரும்போதே பிள்ளை வீல் வீலென்று கத்தியது. "காருக்குப் போயிட்டு வந்துடட்டுங்களா?" என்றாள். "நேரமாச்சு, இங்கயே நில்லு" என்று அதட்டிவிட்டு அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனான். திரும்புவதற்குள் ஒரு வேன் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. இவள் எந்த பஜ்ஜிக் கடையில் நிற்கிறாளோ! போனிலும் டவர் இல்லை.

சரி, பெயரையாவது சொல்லித் தொலைப்போம் என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஏனுங்க, வழிய விடுங்க!"

"பொறுங்க சாமி. இந்தக் குகை இருக்குதுங்களே, இது போயி முடியறது காவேரி பொறக்கற எடத்துலீங்க..."

"இதோட மூணு தடவ சொல்லிட்டீங்க!"

"நொம்ப நல்ல கதைங்க. இன்னொருக்காக் கேளுங்க."

வேன் கூட்டம் சிரித்தது. விஜயகுமாருக்குச் சிரிப்பா வரும்? பூசாரி மறுபடி ஆதியிலிருந்து ஆரம்பித்தார். சேர்வராயன் வந்தார், காவேரியம்மன் வந்தாள், மலைக்காரர்கள் வந்தார்கள். ராகு காலமும் வந்துவிட்டது.

"போச்சு! நாலரை ஆயிருச்சு!" விஜயகுமார் வெடித்தான். "பெத்த புள்ளைக்கு ஒரு நல்லது பண்ணலாம்னு வந்தா, வெட்டிக் கதை பேசிக் கெடுத்துட்டீங்களே! புள்ளயோட அருமை தெரியுமா உங்களுக்கு?"

குகைக்குள் வளையல் சத்தம் கேட்டதும் பூசாரி ஒதுங்கி நின்றார்.

குனிந்தபடி வெளியே வந்தாள் தீபிகா. தோளில் பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"நீ உள்ளயா இருந்த?"

"வெளிய குளிர்காத்துல எங்கீங்க பால் குடுக்கறது? இந்த அய்யாதான் உள்ள உக்கார வெச்சாரு. 'கொழந்த வயிறு ரொம்பற வரைக்கும் குடு கண்ணு, ஒருத்தரும் உள்ள வராம நான் பாத்துக்கறேன்'னாரு."