பாதி கசங்கிய பாக்கெட்

"குப்பைன்னு நெனச்சுட்டேன் அண்ணி. பாத்தா குப்பையாத்தானே இருந்துச்சு?" என்றாள் நாத்தனார்.

அண்ணனைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவள், வந்த கையோடு வீட்டைச் சுத்தம் செய்துவிட்டாள்.

ஓவியக்காரியான அண்ணி தான் வரையும் அறைக்கு ஓடினாள். விளக்கடியில் பலகையும் குண்டூசியும் மட்டும் மிச்சம். அதில் குத்தியிருந்த காலி சிப்ஸ் பாக்கெட் குப்பை வண்டியேறிப் போய்விட்டது.

சுவரில் ஆளுயரத்துக்கு அதே பாக்கெட், படமாக. வெளியே பளீர்ச் சிவப்பு, உள்ளே வெள்ளி மினுக்கம், சுருக்கத்துக்குச் சுருக்கம் ஒரு கீற்று வெளிச்சம். கீழ்மூலை மட்டும் இன்னும் வண்ணம் படாத வெறும் துணி.

ஊரே ஆசையாய் வாங்கி, முடிந்ததும் வீசுகிறதே, அதைத்தான் அவள் வரைவாள். நசுங்கிய குளிர்பான டின், பிதுக்கித் தீர்த்த முகக்கிரீம் குழாய். பொருள் கண்ணெதிரே இருந்தால்தான் தூரிகை நகரும். போட்டோ எடுத்தால் மினுக்கம் செத்துப்போகும் என்பாள்.

மறுநாள் கண்காட்சிக்கு ஏற்றிப்போக வேன் வருகிறது. எத்தனையோ பேரிடம் கேட்டு அலைந்தபின், படம் மாட்ட அங்கே அவளுக்கென்று கிடைத்த முதல் சுவர்.

நாத்தனார் கடைக்கு ஓடி, அதே சிவப்பில் ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். சிப்ஸை அண்டாவில் கொட்டிவிட்டு இருவரும் கசக்க உட்கார்ந்தார்கள்.

ஓவியக்காரி கசக்கியதில் கோபம் தெரிந்தது. நாத்தனார் பயந்து பயந்து கசக்கியது கசங்கவே இல்லை. பழையது அப்படியா? கசக்கத் தொடங்கிய கை பாதியில் ஓய்ந்துபோனதுபோல் மெத்தென்று இருக்கும்.

"இனி வாரம் பூரா நமக்கு சிப்ஸ்தான் சாப்பாடு. அதக் கசக்கின மகராசன் யாரு அண்ணி? அவரையே கூப்பிட வேண்டியதுதானே."

ஓவியக்காரி ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

ஜன்னலோரம் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்துவிட்ட அவருடைய வலது கையை எடுத்து, விரல்களைப் பிரித்து, பாக்கெட்டை வைத்தாள்.

"அன்னிக்குப் பண்ணீங்களே, அதே மாதிரி."

நாத்தனார் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அந்தக் கை அசையும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லி ஆசை காட்டுவானேன் என்று இருந்துவிட்டார்கள்.

விரல்கள் மெல்ல மடங்கின. பாதியில் நிற்கவில்லை.

கையை விரித்தபோது, கல்லுப்போல் இறுகிய சிவப்பு உருண்டை ஒன்று மடியில் விழுந்தது. படத்தின் எந்த மூலைக்கும் அது பொருந்தாது.

ஓவியக்காரி கண்காட்சிக்காரருக்குப் போன் போட்டாள்.

"வேன் வேணாங்க. அந்தப் படம் பழசாயிடுச்சு, முதல்லேர்ந்து வரையணும். சுவத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அதற்கு எதற்கம்மா சிரிக்கிறீர்கள் என்று கேட்டார் அவர்.