முறிந்துபோன பேச்சு

வெடித்துத் தொங்கிய திராட்சைக் கொத்துகளை அண்ணாந்து பார்த்தபடி பந்தலுக்குள் வந்தார் தரகர் ராக்கப்பன். இந்தத் தடவை பார்ட்டியின் ஆளைக் கூட்டிவராமல் தனியாக வந்திருந்தார். அதைப் பார்த்ததுமே சின்னச்சாமி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தான்.

ஓடைப்பட்டியில் அந்த வருஷம் விடாத மழை. பழமெல்லாம் கொடியிலேயே அழுகிவிட்டது. குத்தகைப் பாக்கியும் மருந்துக்கடைப் பாக்கியும் கழுத்தை நெரிக்க, சின்னச்சாமி தானாகத்தான் ராக்கப்பனைத் தேடிப் போயிருந்தான்.

"கோட்டயத்துப் பார்ட்டி வேற ஆளப் பாத்துட்டாக," என்றார் ராக்கப்பன். "மாட்ட வித்து அவுக அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துட்ட. சரி. என் தரகு?"

"வியாபாரமே முடியலையேண்ணே. முடியாத வியாபாரத்துக்கு என்ன தரகு?"

"பார்ட்டியப் புடிச்சுக் குடுத்தேன். வெல பேசுனேன். மதுரைக்கும் கொச்சிக்கும் அலைஞ்சு பேப்பர் ரெடி பண்ணுனேன். நாள் குறிச்ச பெறகு வரமாட்டேன்னது யாரு, நானா?"

குறித்த நாளில் சின்னச்சாமி கிளம்பத்தான் செய்தான். பையோடு பஸ் ஏறப் போனவனை வழியிலேயே மறித்துத் திருப்பிக் கூட்டி வந்தவள் அவன் மனைவி இருளம்மாள். அவள் அழுததைச் சாக்காக வைத்துக்கொண்டு அவனும் திரும்பிவிட்டான். அவனுக்கும் உள்ளூர பயம் இருந்தது.

"யாரு பின்வாங்குனாலும் தரகருக்கு முப்பதாயிரம்னு கையெழுத்துப் போட்டுருக்க."

"கோர்ட்டுக்குப் போங்கண்ணே. அங்கன சொல்றதக் கட்டுறேன்."

ராக்கப்பன் சிரித்தார்.

"இதுக்கு எந்தக் கோர்ட்டுல போயி நிக்கிறது? நேரா கூடலூருக்குப் போறேன். ஒம் மக மாமியா வீட்டு வாசல்ல நின்னு, அப்பங்காரன் எத விக்கப் பாத்தான்னு சொல்றேன்."

மகள் முருகம்மாளைத் தை மாதம்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போடுவதாகச் சொன்ன நகையில் பாதி இன்னும் போடவில்லை. சம்பந்தி வீட்டார் இதைக் கேள்விப்பட்டால் அன்றைக்கே அவளை அனுப்பிவிடுவார்கள். சின்னச்சாமி ராக்கப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

ராக்கப்பன் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஆலுவாயில இன்னொரு பார்ட்டி இருக்காக. அவசரம். நீ சரின்னா என் தரகு அதுலயே கழிஞ்சிரும்."

"வர்றேண்ணே," என்றான் சின்னச்சாமி.

பந்தலின் கடைசியில் அழுகிய கொத்துகளை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்த இருளம்மாள் எழுந்து வந்தாள். பேசியது முழுவதையும் அவள் கேட்டிருந்தாள்.

"மறுபடியும் மறிக்க வந்துட்டியா ஆத்தா?" ராக்கப்பன் முகம் கடுகடுத்தது. "இந்தப் பேச்சும் முறிஞ்சா நான் மனுசனா இருக்கமாட்டேன்."

"மறிக்க வரலண்ணே."

கையிலிருந்த பிசுபிசுப்பை முந்தானையில் துடைத்தாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அவர விட்டுருங்க. என் கிட்னிய எடுத்துக்கச் சொல்லுங்க."