சுருளாத வரிசை

"இது உங்க தம்பி வேலைதான். நேத்து மத்தியானம் பசுமைக்குடிலுக்குப் பின்னாடி பதுங்கினதை என் கண்ணால பார்த்தேன். ஏதோ மருந்தை அடிச்சுட்டான். இல்லேன்னா தக்காளி இலை இப்படிச் சுருளுமா?"

சொத்தில் பங்கு கேட்ட நாளிலிருந்தே கொழுந்தன் மேல் அவளுக்குச் சந்தேகம். இன்றே அவன் வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கணவன் தோட்டக்கலை அதிகாரியை அழைத்துவந்தான். அவர் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூச்சியும் இல்ல, மருந்தும் இல்லம்மா. வெக்கை. பக்கத் திரைகளை ஏன் இறக்கியே வச்சிருக்கீங்க?"

"அவன் உள்ள நுழையக்கூடாதுன்னு பத்து நாளா இறக்கிப் பூட்டிடறேன்."

"அதான் செடி புழுங்கிப்போச்சு. மத்தியானம் திறந்துவிட்டா புதுத் துளிர் நல்லா வரும். ஆமா, இந்தக் கடைசி வரிசை மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

வாசலில் நின்ற கொழுந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அந்தப் பக்கம் பூட்டு சரியா விழல அண்ணி. தினம் மத்தியானம் வெளியிலிருந்தே திரையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். சொன்னா, அங்க உனக்கென்ன வேலைன்னு கேப்பீங்க."

"அப்போ, இவனைப் பெட்டி கட்டச் சொல்லட்டுமா?" என்றான் கணவன்.

அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கொழுந்தன் கையில் வைத்தாள். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.