மாஸ்டரின் கொழுப்பு

"மாத்திரையா? நானா? ஒண்ணுகூடத் தொடலை டாக்டர்!"

டிரில் மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எதிரே ஒரு வகுப்பே வரிசையில் நிற்பதுபோலத்தான் அவர் பேசுவார்.

பக்கத்தில் அவர் மனைவி, மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா திரையில் இரண்டு படங்களை அருகருகே வைத்தார். ஒன்று போன வருஷத்து ஸ்கேன். இன்னொன்று புதிது.

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் இது. உள்சுவர்ல கொழுப்பு படிஞ்சிருக்கு பாருங்க. போன வருஷம் மெத்துன்னு இருந்தது. இப்ப கொஞ்சம் சுருங்கி, இறுகியிருக்கு."

"முழுசாக் கரையலையா?" மாஸ்டரின் முகம் சற்றே தொங்கியது.

"முழுசாக் கரையறது கஷ்டம். மெத்துன்னு இருக்கிறதுதான் ஆபத்து. அது ஒருநாள் வெடிக்கும். வெடிச்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு குழாயை அடைக்கும். மாரடைப்பு அப்படித்தான் வருது. இறுகினது அவ்வளவு சுலபமா வெடிக்காது. ரத்தத்துல கெட்ட கொழுப்பு நல்லா இறங்கினாத்தான் இப்படி இறுகும்."

"எல்லாம் பூண்டுச் சாறு!" மாஸ்டர் தொடையைத் தட்டினார். "காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர். பூங்காவுல நடக்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன், ஒருத்தனும் காது கொடுக்கலை. என் மச்சான் ஒருத்தர்தான் கேட்டார். மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாராம்."

"எங்கண்ணன்," என்றாள் மனைவி. "ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தவர் டாக்டர். நான் சொன்னா, உன் வீட்டுக்காரரைவிடவா உனக்குத் தெரியும்னு சிரிக்கிறார்."

"விழுந்தார், எழுந்தார். இப்ப என்னைவிட வேகமா நடக்கிறாரே! என்ன, தினம் குழாயடிகிட்ட வந்ததும் ஷூ கயிறு கட்டணும்னு குனிஞ்சிடுவார். மத்தபடி குதிரைதான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"கால் வலி இருக்கா மாஸ்டர்?"

"மாடி ஏறினா தொடை கடுக்குது. வயசாச்சில்ல?"

"வயசு இல்ல. உங்க கெட்ட கொழுப்பு இறங்கியிருக்கிற அளவுக்குப் பூண்டுக்குப் பலம் கிடையாது. நான் எழுதினது தினம் ஒரு மாத்திரை. உங்க ரத்தத்தைப் பாத்தா ரெண்டு ரெண்டா முழுங்கறவர் மாதிரி இருக்கு. தசை வலிக்கிறதும் அதனாலதான். நீங்க ஒண்ணுகூடத் தொடலைங்கறீங்க."

கைப்பையின் வாரை முறுக்குவது நின்றது.

"நான்தான் டாக்டர்," என்றாள் மனைவி. "பூண்டுச் சாறுல பொடிச்சுக் கலந்துடுவேன். அந்த நாத்தத்துல எதைப் போட்டாலும் தெரியாது."

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "தினமுமா?"

"தினமும்தான். ரத்தத்துல இருக்கிற கொழுப்புக்கு மாத்திரை இருக்கு. மத்த கொழுப்புக்கு நான் எங்க போவேன்?"

"தப்பும்மா," என்றார் டாக்டரம்மா. "தெரியாம யாருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது. சரி, எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணுதான். சத்தியமா ஒண்ணுதான்."

"அப்போ இன்னொண்ணு?"

மாஸ்டர் கத்துவார் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் சட்டைப் பையில் கையை விட்டு, பழைய விசில் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூடியைத் திறந்தார்.

விசில் இல்லை. மாத்திரை அட்டை இருந்தது.

"நானே வாங்கி, தினம் ஒண்ணு. பூங்காவுல, குழாயடியில," என்றார். இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் உண்டென்று மனைவிக்கே தெரியாது. "போன வருஷப் படத்தைப் பாத்ததுமே பயந்துட்டேன். ஆனா வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சே. உன் முன்னாடி எந்த மூஞ்சியோட முழுங்குவேன்?"

அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"உங்களுக்குப் பயம் வந்தது, மாத்திரை போட்டுக்கிட்டீங்க. எங்கண்ணனுக்கு மட்டும் வெறும் பூண்டா?"

மாஸ்டர் செல்போனை எடுத்தார். ஒருமுறை தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அறையில் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் உதடுகள் சத்தமில்லாமல், "எடு அண்ணா, எடு அண்ணா" என்றன.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"மச்சான்! நல்லா இருக்கீங்களா?"

"காலையிலதானே பாத்தோம்?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். மாத்திரையைவிடப் பெரிதாக எதையோ விழுங்கினார்.

"மச்சான், மாத்திரையை உடனே ஆரம்பிச்சுடுங்க. இன்னைக்கே. நான் சொன்னதெல்லாம் பொய். நானே தினம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."



"தெரியும் மாப்பிள்ளை. நீங்க டப்பாவைத் திறக்கிறப்ப நான் பாத்துட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் தினம் ஷூ கயிறு கட்டக் குனிவேன். மாத்திரையை நான் எங்க நிறுத்தினேன்? பூண்டுச் சாறைத்தான் முதல் நாளே நிறுத்திட்டேன்."