அடுப்பில்லாச் சாப்பாடு

"பச்சைத் தண்ணிய ஊத்தி, கொஞ்ச நேரம் மூடி வச்சாப் போதும். அடுப்பத் தேட வேண்டியதே இல்ல," என்றாள் கலைச்செல்வி.

சுரேந்திரன் சிரித்தான். "எனக்கே சொல்லித் தாறியா? காட்டுக்குள்ள நெருப்பு மூட்டக் கூடாதுன்னு இந்தச் சாப்பாட்ட உன்கிட்ட கேட்டு வாங்கினதே நான்தானே."

"உங்களுக்குச் சாப்பிட மட்டுந்தான் தெரியும். இன்னைக்கு நீங்களே கலந்து பாருங்க."

கலவானைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. முதுகில் பையோடு காடு பார்க்க வருபவர்களைக் கபூர் என்ற முதலாளி ஜீப்பில் கொண்டுவருவார்; அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போவது சுரேந்திரனின் தொழில். வறுத்த அவல், குரக்கன் எனும் கேழ்வரகு மா, பால்மா, தேங்காய்ப்பூ, சீவிய கித்துள் பனைக் கருப்பட்டி எல்லாம் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பவள் கலைச்செல்வி. ஓடைக்கரையில் உட்கார்ந்து அதைச் சாப்பிடும்போது வெளிநாட்டுக்காரர்கள்கூட அவளைப் பாராட்டுவார்கள். அதை அவள் கேட்டதில்லை. அந்தக் காட்டுக்குள் அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அவன் பாத்திரத்தில் கைவிட்டுக் கலந்தான்.

"இவ்வளவு கருப்பட்டி போடாதீங்க. ஈரம் விட்டுப் பூஞ்சணம் புடிச்சிரும். தேங்காய்ப்பூவ நல்லா செவக்க வறுக்கணும், இல்லாட்டி சிக்கு வாடை வரும்."

"சரிங்க டீச்சர்."

அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, இந்தத் தடவ போகாம இருக்க முடியாதா?"

அவன் கை நின்றது. போன வருடம் அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோனபோது அவன் காட்டுக்குள் இருந்தான். போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாளைக்கு அந்த நாள். இருவருமாகக் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையின் பேரில் விளக்கேற்றுவதாகப் பேசி வைத்திருந்தார்கள்.

"என்ன செய்யச் சொல்ற செல்வி? வேற ஆளில்ல, நீதான் வரணும்னு கபூர் நானா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஆக்கள் எல்லாம் வந்து இறங்கிட்டாங்க."

"நாளைக்கு என்ன நாள்னு அவருகிட்ட சொன்னீங்களா?"

அவன் மறுபடி அவலைக் கிளறினான்.

"வந்ததும் ரெண்டு பேரும் போவோம். சத்தியமா," என்றான் பிறகு.

"சரிங்க."

சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு இத்தன? கொஞ்சப் பேருதானே வாறாங்க."

"இருக்கட்டும். லேசுல கெட்டுப் போகாது."

வெளியே கபூரின் ஜீப் ஹார்ன் அடித்தது. அவள் சில பொட்டலங்களைப் பையில் அடுக்கி அவனிடம் கொடுத்தாள். படியிறங்கியவன் திரும்பிப் பார்த்தான்.

"திரும்பி வந்ததும் உன் கையால சுடுசோறு சாப்பிடணும்."

"பாத்துப் போங்க. மழைக்கு அட்டை கூடியிருக்கும்."

அவன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். ஒரே ஒரு வார்த்தை, கபூரிடம் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கட்டாயம் விட்டிருப்பார். இப்போதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தான். பின்னால் இருந்தவர்கள் பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு இந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டும், அவளைத் தனியே விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டான். ஜீப் வளைவில் திரும்பியது.

கலைச்செல்வி வாசலில் நின்றபடியே ருவான்வெல்லையில் இருந்த தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அவரு போயிட்டாரு. என் உடுப்பெல்லாம் கட்டி வச்சிட்டேன், திரீவீல் ஆட்டோவ எடுத்துட்டு வாங்க... இல்லண்ணே, கோவத்துல எடுத்த முடிவு இல்ல. போகாம இருங்கன்னு இன்னைக்கும் ஒரு தடவ கேட்டுப் பாத்தேன்."

உள்ளே அடுக்கி வைத்திருந்த பொட்டலங்களை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"காட்டுக்குக் கொஞ்சந்தான் குடுத்து விட்டேன். மிச்சப் பொட்டலமெல்லாம் வீட்டுல இருக்குண்ணே. வரும்போது பசியோட வருவாரு, சமைச்சுக் குடுக்க நான் இருக்க மாட்டேன்ல."