ஒரு கரண்டி கங்கு

ரயில் கைகாட்டிக்குப் பக்கத்தில், வேலிக்கருவை மறைவில், உடையப்பன் கம்போடு உட்கார்ந்திருந்தார்.

பழனியிலிருந்து திண்டுக்கல் வரும் மத்தியான பாசஞ்சரை இன்னும் காணோம்.

மதுரைப் பக்கம் டீசல் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. பழனி வண்டிக்கு மட்டும் இன்னும் கரிதான். அந்தக் கரிதான் இப்போது அவர் வீட்டு மானத்தில் வந்து நிற்கிறது.

மருமகள் ஜோதிமணி பூப்பறித்துவிட்டுத் திரும்பும்போது தினமும் கூடையில் கரி கொண்டுவந்தாள். பாதி எரிந்த, கனமான, நல்ல கரி. கேட்டால், தண்டவாளத்தோரம் கிடந்தது மாமா என்றாள்.

கிடந்ததாம்.

கரி பொறுக்குகிற மற்ற பொம்பளைகளுக்கெல்லாம் தூளும் சாம்பலும். இவளுக்கு மட்டும் தினமும் ஒரே இடத்தில் குவியலாகக் கிடக்குமா?

"ஒங்க மருமகளுக்கு ரயிலே வந்துல்ல அடுப்பு பத்த வைக்குது!" என்று பக்கத்து வீட்டு ராமுத்தாய் குழாயடியில் வைத்துச் சொன்னாள். குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மகன் ராமர் ஐப்பசியில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று மழையோடு மழையாகக் கிளம்பினவன். பங்குனி பிறந்துவிட்டது. ஒரு கடுதாசி இல்லை. புருசன் பக்கத்தில் இல்லாதவளுக்கு ஒருத்தன் தினமும் கரி கொட்டுகிறான் என்றால், சும்மாவா கொட்டுவான்?

எவன் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்தால், சாயங்கால பஸ்ஸிலேயே அவளை வேடசந்தூரில் அவள் அப்பன் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருவது. அதற்கு மேல் பேச்சே இல்லை.

வண்டி வளைவில் திரும்பியது. கைகாட்டி இறங்கவில்லை. இரும்புச் சக்கரங்கள் கிறீச்சிட, புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு எஞ்சின் அவருக்கு நேராக வந்து நின்றது.

எஞ்சினுக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன் இளவட்டம்தான். நினைத்தது சரி என்று உடையப்பன் கம்பை இறுக்கிப் பிடித்தார்.

அவன் நெருப்புக் கதவைத் திறந்தான். நீளக் கரண்டியை உள்ளே விட்டு, செக்கச்செவேலென்று ஒரு கரண்டி கங்கு அள்ளி, தண்டவாளத்துக்கு வெளியே கொட்டினான். கீழே ஆள் இருக்கிறதா என்று அக்கம்பக்கம் பார்க்கக்கூட இல்லை. கொட்டிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

உடையப்பன் பாய்ந்து வெளியே வந்தார்.

"ஏலே! யாருக்குலே கொட்டுற? எம் மருமகளுக்கா?"

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "அடப்பாவி, இந்த ஊர்லயும் ஒனக்கு ஒரு குடும்பம் இருக்கா? பெருசு கம்போட பஞ்சாயத்துக்கு வந்திருக்கு பாரு!"

ஃபயர்மேன் சிரிக்கவில்லை.

"பொம்பளைக்கு இல்லய்யா. செத்தவருக்கு."

டிரைவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

போன ஐப்பசி மழையில் ஒரு ஆள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இந்த இடத்தில் குறுக்கே நடந்தாராம். விசில் அடித்தும் கேட்கவில்லையாம். முகம் மிஞ்சவில்லை. பையும் துணியும் மழைத் தண்ணீரோடு போய்விட்டன. தேடி யாரும் வராததால் போலீஸ்காரர்களே அனாதைப் பிணம் என்று குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

"கொள்ளி வைக்கக்கூட ஆளில்லய்யா. எங்க வண்டியில போன உசுரு, எங்க நெருப்பையாச்சும் குடுப்போம்னு ஒருநாள் கொட்டுனோம். ஒருநாளோட விடலாம்னு பாத்தா விட முடியல. கொட்டாத அன்னைக்கு வளைவுல ஆளு நிக்குது. பிரேக் போட்டு எறங்கிப் பாத்தா ஒருத்தரும் இல்ல."

ஃபயர்மேன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காலு ஒண்ணுதான்யா சேதமில்லாமக் கெடந்துச்சு. எடது காலு. ஆறு வெரலு."

உடையப்பன் கையிலிருந்து கம்பு நழுவியது.

அவர் வீட்டு ஆம்பிளைகளுக்கு எந்தக் கடைச் செருப்பும் சேர்ந்ததில்லை. அவர் தன் இடது காலைச் சல்லிக்கற்களுக்குள் மெல்லப் புதைத்துக்கொண்டார்.

அந்த மழை நாளில் ஒரு போலீஸ்காரர் வீடுவீடாக வந்து, ஆள் யாராவது காணோமா என்று கேட்டார். போலீஸ்காரனுக்குப் பதில் சொன்னால் ஸ்டேஷனுக்கு இழுப்பான் என்று, எங்க வீட்டில் எல்லாரும் இருக்காக என்று சொல்லிக் கதவைச் சாத்தினவர் உடையப்பன்.

அதற்குப் பிறகு வந்த அத்தனை நாளும் அந்தக் கரியில் வெந்த சோற்றைத்தான் தின்றிருக்கிறார். இன்று காலையிலும்கூட, நல்லா வெந்திருக்கு என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்.

கைகாட்டி இறங்கியது. வண்டி நகர்ந்தது. ஃபயர்மேன் அவரையே பார்த்துக்கொண்டு போனான்.

வண்டியின் புகை கலைந்தபோது, தண்டவாளத்தோரம் கூடையோடு ஜோதிமணி வந்துகொண்டிருந்தாள். தலையில் கிள்ளிவைத்த மல்லிகை. நெற்றி நிறையக் குங்குமம்.

"என்ன மாமா, நீங்களும் பொறுக்க வந்துட்டீகளா?" என்று சிரித்தாள். எட்டிப் பார்த்து, "ஆறிருச்சா?" என்றாள்.

உடையப்பன் அவளுக்கும் கங்குக்கும் நடுவில் போய் நின்றார்.

"இன்னும் ஆறல தாயி. நீ நம்ம வீட்டுக்குப் போ."